சொல்தா வீட்டுத் துப்பாக்கி

வருஷத் தெவசத்தைப் பத்து நாள் முந்தி வைத்துக்கொள்ளலாம் என்று கோவிந்தசாமி சொன்னபோது ஜானகிராமனின் வாயில் கருவாட்டுத் துண்டு இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மாமனாரைப் பார்த்தான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாரத்துத் தெருக்களில் காற்று புழுதியை அள்ளி வீடு வீடாகப் போட்டுக்கொண்டிருந்தது. சோற்றுத் தட்டில்கூட நறநறவென்று மண். மாமியார் தனக்கொடி தட்டிமறைப்பை இழுத்துக் கட்டிவிட்டு வந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். மகள் வசந்தா செத்ததிலிருந்து ஞாயிறு மதியம் மருமகன் இங்கேதான் சாப்பிட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். மீறினால் தூக்கில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அவன் அறைக்கே வந்துவிடுவாள்.

"முந்தி எதுக்கு மாமா?"

"திதி செடலுக்கு அப்பால இல்ல வருது? தெவசம் முடியாம கோயில் மரியாதையில கை வைக்கக் கூடாதும்பாங்க. அய்யர்கிட்ட கேட்டுட்டேன். முந்தி வெச்சா தோஷமில்லன்னுட்டாரு."

கோவிந்தசாமி மில்லில் தறிக்காரர். முப்பது வருஷத் தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"இன்னா மரியாதை?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெடி."

தனக்கொடியின் கை குழம்புச் சட்டியின் மேலேயே நின்றது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக அவரிடம் அவள் நேராகப் பேசுவதில்லை. சோறாக்குவாள், வேட்டி துவைப்பாள், மில் சங்குக்கு முன்னால் எழுப்புவாள். வார்த்தை மட்டும் யாரையாவது சுற்றித்தான் வரும்.

"மாப்ள, அவருக்குக் கொழம்பு வேணுமான்னு கேளுங்க" என்றாள்.

சாரத்து அம்மன் கோயில் செடல் திருவிழாவில், கூழைச் சாகை வார்க்கும் வெள்ளிக்கிழமை குளக்கரையிலிருந்து கரகம் கிளம்பும். கரகத்தின் பின்னால் காத்துக் கருப்பு தொடர்ந்து வருமாம். அதைக் கரையில் நிற்கும் ஒற்றைத் தென்னையில் இறக்கிவிட்டு, மரத்தைப் பார்த்து மூன்று வெடி போட வேண்டும். போடுகிற உரிமை கோவிந்தசாமி வீட்டுக்கு. துப்பாக்கி சொல்தா வீட்டுடையது. மருந்து கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி அது. குண்டு போட மாட்டார்கள். கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் குச்சியால் இடித்து, பத்தடி தூரத்தில் நின்று சுடுவார்கள். புகையும் சத்தமும்தான். மரத்தைச் சுற்றிக் கருகிய நார் சிதறி விழும். பிள்ளையில்லாத பெண்கள் மரத்துக்குப் பின்னால் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். முந்தானையில் நார் விழுந்தால் அடுத்த ஆடிக்குள் தொட்டில். அப்படிப் பிறந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். கோவிந்தசாமியே அப்படிப் பிறந்தவர்தான்.

போன வருஷம் வசந்தாவும் போய் நின்றாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஜானகிராமன் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். காலையில் அவளைக் கேலி செய்துவிட்டுத்தான் போனான். "நாருல புள்ள பொறக்கும்னா ஆஸ்பத்திரி எதுக்குடி?" என்றான். அவள், "நீங்க ஒங்க மீட்டரப் போய்ப் பாருங்க" என்றாள். அன்றைக்கு அவனுக்கு அரியாங்குப்பத்தில் வேலை. மின்துறையில் மீட்டர் பார்க்கிறவன். ஐம்பத்திரண்டாவது வீட்டுத் தாழ்வாரத்தில் ஸ்டூலில் ஏறி நின்று எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் ஆள் வந்து சொன்னது.

போன வருஷம் நாட்டுத் துப்பாக்கி வரவில்லை. சொல்தா வீட்டு மச்சான் ஒருவர் பாரீஸிலிருந்து படம் பிடிக்கும் கருவியோடு வந்திருந்தார். துருப்பிடித்த குழாயைப் படம் பிடிக்க வேண்டாம் என்று சொல்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த சைகோன் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினார்கள். கோவிந்தசாமி எப்போதும் சுடுகிறபடி மரத்தைப் பார்த்துச் சுட்டார். மரத்துக்குப் பின்னால் வசந்தா நின்றாள்.

"மூணு தலைமொறையா எங்க வூட்டு உரிமை மாப்ள" என்றார் கோவிந்தசாமி. "இந்த வருஷம் நிக்கலைன்னா அரிகிருஷ்ணன் வூட்டுக்குப் பூடும். அவன் இப்பவே சொல்லிக்கினு திரியறான். அப்புறம் இன்னோன்னு. சொல்தா வூட்டு முசே ஒங்களக் கூட்டியாரச் சொன்னாரு. ஏதோ எழுதணுமாம். ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமில்ல."

ஜானகிராமன் எழுந்து கொல்லைக்குப் போய்க் கருவாட்டைத் துப்பினான்.

*

சொல்தா வீட்டு மீட்டர் வாசலில் இடது பக்கம், உத்தரத்துக்குக் கீழே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவன் அதைப் பார்க்க வருவான். மீட்டருக்குக் கீழே நாராயணசாமியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாள உடுப்பில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருப்பார். சைகோனில் இருந்தவர். பிரான்சுக்காரன் போன பிறகும் பென்ஷன் கடைசி மூச்சுவரை வந்தது. தெருவுக்கு அவர் சொல்தா, பிரெஞ்சுக்காரன் சிப்பாயைக் கூப்பிடுகிற பேர். அவர் மகனைத் தெரு பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிட்டது. மகன் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை.

கூடத்தில் பெஞ்சின் மேல் வெள்ளைத் துணி விரித்து ஐந்து துப்பாக்கிகளைக் கிடத்தியிருந்தார் நாராயணசாமி. ஊசுட்டேரியில் வாத்து சுடும் இரட்டைக் குழல் இரண்டு. ஒற்றைக் குழல் ஒன்று. நாட்டுத் துப்பாக்கி. ஓரத்தில், தனித் துண்டில், சைகோன். எண்ணெய் நாற்றம் வாசல்வரை அடித்தது. தேங்காயெண்ணெயோடு மண்ணெண்ணெய் கலந்த நாற்றம்.

"வா தம்பி. கோவிந்தசாமி, ஒக்காருய்யா."

கோவிந்தசாமி உட்காரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார். மருமகன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. காலை மாற்றி வைத்தார்.

"டில்லியில சட்டம் போட்டுட்டானுங்க, பேப்பர்ல பாத்திருப்ப" என்றார் நாராயணசாமி. "ஒருத்தனுக்கு மூணுக்கு மேல கூடாதாம். மிச்சத்தத் தொண்ணூறு நாள்ல கொண்டாந்து குடுத்துடணுமாம். என் வூட்டுப் பொருள எண்ணிப் பாக்க இவனுங்க யாரு? மூணு எம்பேர்ல இருக்கட்டும். ஒண்ணு எம்புள்ள பேர்ல மாத்திட்டேன். இது ஒண்ணுதான் கொடச்சலு." சைகோனின் மேல் உள்ளங்கையை வைத்தார், கறவை மாட்டின் மேல் வைப்பதுபோல. "இந்த ரகம் பட்டாளத்துக்கு மட்டும்தானாம். தனி ஆளு வெச்சிக்கவே கூடாதாம்."

"அது பழைய சட்டமாச்சே" என்றான் ஜானகிராமன். "மூணுங்கறதுதான் புதுசு. அந்த ரகம் இருவது வருஷமா கூடாது."

"இருவது வருஷமா லைசென்ஸ்ல வேட்டத் துப்பாக்கின்னே ஓடுச்சு. யாரு பிரிச்சுப் பாத்தான்? இப்ப எல்லாத்தயும் தூக்கியாந்து காட்டுன்றான். காட்டினா தெரிஞ்சிடும்."

"இது எவ்ளோ தூரம் போவும்?"

"இதுவா?" அவர் முகம் விரிந்தது. "நேரா வுட்டா ரெண்டு மைலு போவும். ஆனய சாய்ச்சிடும்டா தம்பி."

"சாரத்துல ஆன எங்க இருக்கு?"

நாராயணசாமி சிரித்தார். கோவிந்தசாமியும் அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து ராஜாம்பாள் தட்டில் முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். நாராயணசாமியின் மனைவி. ஜானகிராமனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையாலேயே முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "எளச்சிட்டியேப்பா. எடுத்துக்க. தங்கம் மாதிரி பொண்ணு. அவளுக்கு விதி." அந்த முறுக்கிலும் துப்பாக்கி எண்ணெய் மணத்தது. அல்லது அவனுக்குத்தான் அப்படி.

"விஷயத்துக்கு வரேன்" என்றார் நாராயணசாமி. "வக்கீலு ஒரு வழி சொன்னாரு. கோயில் மொறைக்கு உள்ள துப்பாக்கி, தலைமொறை தலைமொறையா சாமி காரியத்துக்குப் பயன்படறது, இதுக்குத் தனி உத்தரவு குடுங்கன்னு மேல எழுதிக் கேக்கலாம். கேட்டு வெச்சா கொஞ்ச காலம் ஓட்டலாம். சுடறவன் பேர்லதான் கேக்கணும். கோவிந்தசாமி பேர்ல. பொருளு இங்கயே இருக்கும். செடலன்னிக்கு வந்து வாங்கிக்கினு போவான்."

கோவிந்தசாமி நிமிர்ந்தார். "எம்பேர்ல லைசென்ஸ் மாப்ள" என்றார். மில்லில் முப்பது வருஷத்தில் மேஸ்திரி வேலைகூடக் கொடுக்கவில்லை அவருக்கு. "போட்டோ ஒட்டி முத்திர வெச்சித் தருவாங்களாம்."

"பரிவட்டமும் இந்த வருஷம் இவனுக்குத்தான்" என்றார் நாராயணசாமி. "நான் சொல்லிட்டேன்."

"இதுல நான் என்ன செய்யணும்?"

"மனுவ நீ எழுது. கீழ ஒரு வரி வரணும், வக்கீலு சொன்னது." சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படித்தார். "மேற்படி துப்பாக்கியால் நாளது தேதிவரை எவருக்கும் யாதொரு தீங்கும் நேர்ந்ததில்லை. அதுக்குச் சாட்சி நீ. ஊருல கொஞ்சம் வாய்ப்பேச்சு இருக்கு பாரு, அது ஆபீசு வரைக்கும் போயிருக்கு. புருஷங்காரனே எழுதிக் குடுத்துட்டான்னா எவன் வாயத் தொறப்பான்?"

முற்றத்தில் காற்று சருகை இழுத்துக்கொண்டு போனது. ஜானகிராமன் காப்பியைத் தொடவில்லை. மேலே ஆடை படிந்தது.

"நேர்ந்துதே" என்றான்.

"நேர்ந்துதுன்னு யாரு சொன்னா?" நாராயணசாமியின் குரல் உயரவேயில்லை. "கோயில் வேட்டுக் குழா வெடிச்சி இரும்பு பாஞ்சி அவ செத்தான்னு எழுதிக் குடுத்தது யாரு? நானா? ஒங்கையெழுத்து தம்பி அது. இப்ப மாத்திச் சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல. பொருளு என்னுது, குதிரைய இழுத்தது ஒம்மாமன். அவனத்தான் வந்து கூட்டிக்கினு போவான்."

கோவிந்தசாமி தூணைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் மாத்திச் சொல்ல மாட்டாரு முசே. படிச்சவரு."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஜானகிராமன் அண்ணாந்து மீட்டரைப் பார்த்தான். பழக்கம். சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

*

அந்தக் கையெழுத்தை அவன் மறக்கவில்லை. வசந்தா சவக்கிடங்கில் கிடந்தாள். யாரோ பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். கோவிந்தசாமி அவன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். சுற்றி நின்ற பெரிய மனிதர்கள், பொண்ணுதான் பூட்டா, அப்பனையும் அனுப்பிட்டா அந்தப் பொம்பள என்னாவா என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினான். வாங்கிப் பார்த்த அதிகாரி மெச்சிக்கொண்டார். "ஒரு அடித்தல் திருத்தம் இல்ல பாருய்யா. படிச்சவன் படிச்சவன்தான்."

நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் வலது கையை எங்காவது தேய்த்துத் துடைக்க வேண்டும்போல் இருக்கும். அந்த மரத்தையும் ஒருநாள் போய்ப் பார்த்தான். முன்னால் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை. அதற்கு மேலேயும் பின்பக்கமும் சாக்கை வைத்துக் கட்டி மஞ்சள் பூசியிருந்தார்கள். மரத்துக்கும் அம்மை கண்டதுபோல. சாக்கை அவன் அவிழ்த்துப் பார்க்கவில்லை. தென்னையைத் தோட்டா வாழைத்தண்டாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறது. பத்தடியில் சுட்டால் அப்படித்தான் போகும். அவன் படித்த படிப்பில் அது இருந்தது. கோவிந்தசாமிக்கு அது தெரியாது. துப்பாக்கி என்றால் அவருக்குப் புகையும் நாரும். கொடுத்தனுப்பியவருக்குத் தெரியும். தோட்டாவைப் போட்டே கொடுத்தனுப்பினார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தவளக்குப்பத்தில் மீட்டர் பார்த்தான். புழுதியில் கண் எரிந்தது. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அறைக்கு வந்ததும் கோடு போட்ட வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினான். ஒரே மூச்சில் வந்தது.

புதன்கிழமை காலை மாமனார் வீட்டுக்குப் போனான். பத்து மணிக்கு மனு ஆபீசில் இருக்க வேண்டும் என்று நாராயணசாமி சொல்லியிருந்தார். கோவிந்தசாமி மில்லுக்கு லீவு போட்டிருந்தார். சலவை வேட்டி. நெற்றியில் விபூதி. போட்டோவும் எடுத்து வைத்திருந்தார், மூன்று படி. தனக்கொடி அடுப்பில் கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முன்னால் கூழை இறக்க வேண்டும்.

"எழுதியாச்சா மாப்ள?"

"ஆச்சு."

"படிங்க, கேப்போம்."

ஜானகிராமன் அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தான்.

"ஐயா, சாரத்தில் வசிக்கும் ஜானகிராமன் எழுதிக்கொள்வது. சென்ற ஆண்டு ஆடி மாதம் என் மனைவி வசந்தா இறந்தது வேட்டுக் குழாய் வெடித்ததால் என்று நான் எழுதிக் கொடுத்தது பொய். சொல்தா வீடு என்று சொல்லப்படும் வீட்டு நாராயணசாமி அவர்களிடம் உள்ள, தனியார் எவரும் வைத்திருக்கக் கூடாத பட்டாள ரகத் துப்பாக்கியால் அவள் இறந்தாள். அதில் குண்டு போட்டிருந்ததைச் சொல்லாமல் கொடுத்தனுப்பினார்கள். கோயில் முறைப்படி என் மாமனார் கோவிந்தசாமி அதைத் தென்னை மரத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டார். குண்டு மரத்தைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நின்ற..."

"நிறுத்து."

கோவிந்தசாமி எழுந்துவிட்டார். மாப்பிள்ளை மரியாதை எல்லாம் போய்விட்டது.

"என்னய உள்ள தள்றியா? பொண்ணக் குடுத்தேன்டா ஒனக்கு! ஒரு வருஷமா ஒனக்குச் சோறு போடறேன்டா!"

"பொய்யெழுதினதுக்கு நானுந்தான் போவணும்."

"நீ போ! ஒனக்கு யாரு இருக்கா? எனக்கு ஊரு இருக்கு, கோயிலு இருக்கு."

"பரிவட்டம் இருக்கு" என்றான் ஜானகிராமன். "எடம் இருக்கு. அதே எடம், அதே மரம், அதே துப்பாக்கி. பின்னால யாராவது முந்தானய விரிச்சிக்கினு நிப்பாங்க."

"இந்த வாட்டி மேல பாத்துச் சுடுவேன்டா!"

"மேல போறது கீழ வராதா? ரெண்டு மைலுக்கு அந்தாண்ட எவ வூட்டு வாசல்ல வுழும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

கோவிந்தசாமி கையிலிருந்த போட்டோக்களைப் பார்த்தார். படம் எடுக்கிறவன் எங்கேயோ பார்க்கச் சொன்னதில் கழுத்து விறைத்துப்போய் நிற்கும் மூன்று கோவிந்தசாமிகள்.

"நீங்க கையெழுத்துப் போட வேணாம்" என்றான் ஜானகிராமன். "எங்கையெழுத்து போதும். நான் போய்க் குடுத்துட்டு டூட்டிக்குப் போறேன்." தாளை மடித்தான்.

"இரு."

அவர் சுவரோரம் குந்தினார். அடுப்பில் கூழ் பொளக் பொளக் என்று வெடித்துக்கொண்டிருந்தது. தனக்கொடி துடுப்பை நிறுத்தவில்லை.

"சுட்டார்னு எழுதியிருக்கியே, அத இன்னொரு தபா படி."

"கோயில் முறைப்படி என் மாமனார் கோவிந்தசாமி அதைத் தென்னை மரத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டார்."

"ஒருமொற இல்ல."

ஜானகிராமனுக்குப் புரியவில்லை. ஊரில் எல்லோரும் முதல் வெடியிலேயே என்றுதான் சொன்னார்கள். வேட்டுச் சத்தம், பம்பைச் சத்தம், குலவை. எந்த வெடி என்று யாருக்கும் பிரித்துத் தெரியவில்லை.

"ரெண்டு" என்றார் கோவிந்தசாமி. வாழ்நாளில் முதல்முறையாகக் குரல் தாழ்ந்து வந்தது. "மொத வெடியில தோளு பின்னால போச்சு. பொக வர்ல. நாரு வுழல. மரத்துக்கு அந்தாண்ட கொளத்துல தண்ணி ஆளு ஒசரம் எழும்புச்சு. பாத்தேன். எதுவோ தொளச்சிக்கினு போயிருக்குன்னு தெரிஞ்சிபோச்சு. பொண்ணுங்க நாரு எங்க, நாரு எங்கன்னு கிட்ட வந்துதுங்க. படம் புடிக்கிறவரு இன்னொண்ணு, இன்னொண்ணுன்னாரு. முசே கை காட்டினாரு. எல்லாரும் என்னயே பாத்துக்கினு இருந்தாங்க. மூணு போடணும் மொறை. நிறுத்தினா கோவிந்தசாமி பயந்துட்டான்னு அரிகிருஷ்ணன் சிரிப்பான்."

துடுப்பு நின்றது.

"போட்டேன்" என்றார்.

கூழ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. தனக்கொடி அதைக் கவனிக்கவில்லை. புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள். கையில் துடுப்பு. அதிலிருந்து கூழ் தரையில் சொட்டியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"தண்ணி எழும்பனத நீ பாத்த."

"பாத்தேன்மே."

"பாத்துட்டு ரெண்டாவது போட்ட."

அவர் தலையை ஆட்டினார். போட்டோக்கள் காலடியில் கிடந்தன. அவள் மருமகன் பக்கம் திரும்பினாள்.

"அதயும் எழுதுங்க மாப்ள."

ஜானகிராமன் தாளைப் பிரித்து முழங்காலின் மேல் வைத்துக்கொண்டான். பேனாவைத் திறந்தான். 'ஒருமுறை' என்பதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டான். மறையவில்லை. இன்னொரு கோடு போட்டு, மேலே இரண்டு என்று எழுதினான். ஓரத்தில் இடம் போதவில்லை. தண்ணீரைப் பற்றி எழுதத் தாளைத் திருப்பினான்.